தொழிற்சாலை வாசலில் எங்கள் பிள்ளைகள்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக 2025 இல் சம்பூரில் நடைபெற்ற உயர்தர மாணவியர், பெற்றோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டின் பெரிய கூட்டம் பாடசாலை மண்டபத்தில்தான் நடக்கும். ஆனால் ஒரு கூட்டமாவது கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று கேட்டவர்களில் நாங்களும் இருந்தோம். எங்கள் காலத்து விடுதியில் எத்தனையோ பேர் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். விடுமுறை முடிந்து மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து இறங்கும்போது அவர்களுடைய பெட்டிகளுக்குள் என்ன பலகாரம் இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே நாங்கள் வாசலில் காத்து நிற்போம். தரைவழியாக வருவதென்றால் ஒவ்வொரு ஆற்றிலும் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலமும், 2011 இல் உப்பாறு, இறால்குழி, கங்கைப் பாலங்களும் திறக்கப்பட்ட பிறகுதான் இது ஒரே பஸ்ஸில் வந்து சேரக்கூடிய தூரமாகியது.

எங்களுக்குக் கொடுத்த தலைப்பு "பெண்களும் ஆரோக்கியமும்". வைத்தியர்களைக் கூப்பிட்டால் வழக்கமாகக் கொடுக்கும் தலைப்பு அது. நாங்கள் அதை மாற்றித் தரும்படி கேட்டோம். உயர்தரம் எழுதி முடித்த பெண்பிள்ளைகள் தொழிற்சாலைகளில் பயிலுநராகச் சேர்வதைப் பற்றிப் பேச விரும்புகிறோம் என்றோம். செயற்குழுவில் ஒருவர், "டொக்டர்மார் போய்ப் பிள்ளைகளை பக்டரிக்குப் போகச் சொல்வதா? சனம் என்ன நினைக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் வகுப்பைப் பற்றிச் சொல்கிறோம். எங்கள் உயர்தர விஞ்ஞான வகுப்பில் 19 பேர் இருந்தோம். பல்கலைக்கழகம் போனவர்கள் 6 பேர். பரிசளிப்பு விழா அறிக்கையில் அந்த 6 பேருடைய பெயர்களும் வந்தன. பிறகு வந்த மலர்களிலும் அவர்களே வந்தார்கள். இந்த நூற்றாண்டு மலருக்குத் தகவல் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் மற்ற 13 பேரையும் எண்ணிப் பார்த்தோம். பாதிப் பேருடைய முகவரிகூட எங்களிடம் இல்லை. ஒன்றாக இருந்து படித்து, ஒரே பானையில் சோறு உண்டவர்கள். பரீட்சைப் பெறுபேறு வந்த நாளோடு அவர்களை நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தேடிப் பிடித்தவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறோம். ஒருத்தி இரண்டாம் தடவையும் வெட்டுப்புள்ளி கிடைக்காமல், வீட்டுக் கஷ்டத்தால் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் பயிலுநராகச் சேர்ந்தவள். அப்போது அவளைப் பார்க்கப் போன எங்களிடம் அவளுடைய அம்மா அழுதார். நாங்களும் சேர்ந்து ஆறுதல் சொன்னோம், ஏதோ செத்த வீட்டுக்குப் போனது போல! இன்றைக்கு அவள் அந்த ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவள். அவள் ஒப்பம் வைக்காமல் ஒரு மூட்டையும் வாசலைத் தாண்டாது. மற்றவள் மூன்று தடவை எழுதினாள். ரியூசன் காசுக்காகத் தாயின் நகை அடைவுக்குப் போயிற்று. கடைசியில் வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்குப் போய்ப் பதினொரு வருடம் இருந்தாள். வீட்டு வேலை இழிவு என்று சொல்லவில்லை, அந்தக் காசில்தான் அவளுடைய இரண்டு தம்பிமார் படித்தார்கள். ஆனால் இரசாயனவியலில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி அவள். "எனக்கு வேறு வழி இருந்தது என்று அப்போது ஒருத்தரும் சொல்லவில்லையே" என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னாள். அந்த "ஒருத்தரும்" என்பதற்குள் நாங்களும் இருக்கிறோம்.

நாடு முழுவதும் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மற்ற மூவரும் சித்தியடைந்தவர்கள், தவறியவர்கள் அல்ல. இருந்தும் வீட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் "கிடைக்காதவள்".

இனிச் சம்பூருக்கு வருகிறோம். இந்த ஊரில் "தொழிற்சாலை" என்ற சொல்லை எடுப்பதற்கே எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். 2006 ஏப்ரலில் உடுத்த உடுப்போடு வெளியேறினீர்கள். 2007 இல் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பிறகு 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென்று எடுக்கப்பட்டது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஒன்பது வருடம் இருந்தீர்கள். 2015 மே மாதம் அந்த வர்த்தமானி நீக்கப்பட்ட பிறகுதான் காணி திரும்பத் தொடங்கியது. அதற்கு மேலே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். நீங்கள் எதிர்த்தீர்கள், 2016 இல் அது கைவிடப்பட்டது. ஆகவே இங்கே தொழிற்சாலை என்றால் காணி போவது, கிணறு கெடுவது, கரி பறப்பது என்றுதான் சனத்துக்கு அர்த்தம். அந்தப் பயம் அறியாமையால் வந்ததல்ல, அனுபவித்தவர்களின் பயம். சுவாச நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் என்ற முறையில், நிலக்கரியை எதிர்த்த உங்கள் பக்கம்தான் நாங்களும்.

இந்த வருடம் உயர்தரம் எழுதும் பிள்ளைகளில் பலர் 2006 இலும் 2007 இலும் பிறந்தவர்கள். முகாமில் கண் திறந்தவர்கள், முகாமிலிருந்தே முதலாம் ஆண்டுக்குப் போனவர்கள். நான்காம் ஆண்டளவில் ஊருக்கு வந்தவர்கள். இவர்களுக்கு என்ன வழி என்று கேட்டால், "அதுதான் சோலர் வருகிறதே" என்கிறார்கள் சிலர். கடந்த ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமரும் எமது ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தே 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தை இங்கே தொடக்கி வைத்தார்கள். வரட்டும், புகை இல்லாதது. ஆனால் சூரிய மின்நிலையம் கட்டும்போதுதான் ஆட்கள் நிறைய வேண்டும். கட்டி முடிந்தால் தகடு கழுவவும் காவலுக்கும் சிலர், கருவிகளைப் பார்க்கப் படித்த சிலர். அந்தப் படித்த சிலருக்குள் சம்பூர்ப் பிள்ளை இருக்க வேண்டுமானால் அவள் இப்போதே ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பழகியிருக்க வேண்டும்.

தொழிற்சாலை எங்களுக்குப் புதிதும் அல்ல. ரவுணுக்குப் போகும்போது சீனன்குடாவில் பஸ் யன்னலால் பார்த்தால் பிறீமா மாவாலையின் உயரமான தானியக் களஞ்சியங்கள் தெரியும். சிங்கப்பூர் நிறுவனம் 1980 இல் தொடங்கியது. டோக்கியோ சீமெந்து 1982 இல் ஏ.வை.எஸ். ஞானம் அவர்கள் யப்பானியக் கூட்டுடன் நிறுவியது. வடக்கே போனால் புல்மோட்டைக் கனிய மணல், 1957 இலிருந்து. எங்கள் பாட்டிமார் இடியப்பம் பிழியும் மாவிலிருந்து முகாமில் கிடைத்த வீட்டின் தூண் வரைக்கும் இந்தக் குடாவின் தொழிற்சாலைகளைக் கடந்து வந்தவையாக இருக்கலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் எங்களில் பலருக்கும் மூட்டை தூக்குவது மட்டும்தான் தெரியும்.

உள்ளே ஆய்வுகூடம் இருக்கிறது. மாவாலை ஒன்றில் ஒவ்வொரு தொகுதி மாவிலும் ஈரப்பதன் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, பசையம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சீமெந்து ஆலையில் அரைத்த தூளின் நுண்மை, நீர் சேர்த்த பின் இறுகும் நேரம் எல்லாம் அளப்பார்கள். ஒரு சிறிய கட்டியை வார்த்து நீரில் வைத்து, குறித்த நாட்களில் எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கடைசிச் சோதனை 28 ஆம் நாள். அதுவரை யாரும் அவசரப்படுத்த முடியாது. உயர்தரத்தில் பியூரெற்றைப் பிடித்து ஒரு துளிக்காக மூச்சடக்கி நின்ற பிள்ளைக்கு இதெல்லாம் அந்நியமான வேலை அல்ல. ஆய்வுகூடத்துக்கு வெளியே மின் பராமரிப்பு, மோட்டர், தன்னியக்கக் கட்டுப்பாடு, களஞ்சியக் கணக்கு, பொதியிடல் தரம் என்று எத்தனையோ இருக்கின்றன. கணிதம், வர்த்தகம் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. 2013 இல் தொடங்கிய தொழினுட்பவியல் பிரிவில் படித்தவர்களுக்கு இது நேர் வழி.

ஆனால் "பயிற்சி" என்று சொல்வதெல்லாம் பயிற்சி அல்ல. இதைச் சொல்லாமல் போனால் நாங்கள் தரகர்களாகிவிடுவோம். எங்கள் கிளினிக்குக்கு ஒரு பிள்ளை வந்தாள். வயது 19. கை இரண்டும் வெடித்து, புண்ணாகி, இரவில் நித்திரை இல்லை. எங்கே வேலை என்று கேட்டோம். ஓர் இடத்தில் பத்து மாதமாகப் "பயிற்சி" என்றாள். என்ன பழகினாய் என்றால் பெட்டி ஒட்டுவதும், ஏதோ ஒரு திரவத்தால் தட்டுகளைத் துடைப்பதும். கையுறை கேட்டதற்கு "புதுப் பிள்ளைகளுக்கு இல்லை" என்றிருக்கிறார்கள். ஒப்பந்தம் இல்லை, பயிற்றுநர் இல்லை, பதிவும் இல்லை. பத்து மாதம் முடிந்து வெளியே வந்தபோது அவளிடம் ஒரு துண்டுக் கடிதாசிகூட இல்லை. புண் ஆறியது. அந்தப் பத்து மாதத்தை எந்த மருந்தால் திருப்பிக் கொடுப்பது?

ஆகவே தாய்மாரே, வாசலிலேயே சில கேள்விகளைக் கேளுங்கள். வெட்கப்படத் தேவையில்லை, மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறோம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறதா? யார் பழக்குவது? "நைற்றா" என்று நாங்கள் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் பதிவு உண்டா? இது நேற்று வந்த அலுவலகம் அல்ல. பயிலுநர் சட்டம் 1971 இலேயே வந்தது, இன்றைய அதிகாரசபை 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. முடிவில் எந்த மட்டத்து என்.வி.கியூ கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் இதற்கென்றே ஒரு தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதாவது இந்த வாசலால் போனால் படிப்பு முடிந்துபோயிற்று என்று நினைக்க வேண்டாம். ஏற்கனவே பல வருடம் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும், செய்த வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ வழங்கும் முறை இருக்கிறது. மத்திய கிழக்கிலிருந்து வந்த தோழிக்கு இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சமையலில் அவள் எவ்வளவு தேர்ந்தவள் என்பதற்கு ஒரு கடிதாசி வேண்டாமா?

சாதாரண தரத்தில் சித்தி குறைந்த பிள்ளைகளையும் மறக்கவில்லை. 13 வருட உத்தரவாதக் கல்வி 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. சாதாரண தரம் தவறினாலும் தரம் 12 இல் தொழிற் பிரிவில் சேர்ந்து நான்காம் மட்டம் வரை போகலாம். இதைப் பற்றி ஆசிரியர்மாரிடம் கேளுங்கள்.

இப்போது வைத்தியப் பேச்சு கொஞ்சம், பழைய தலைப்புக்கும் மரியாதை செய்ய வேண்டுமே. மாத்தூசி சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஈரச் சீமெந்து தோலைச் சுடும், ஒவ்வாமையையும் தரும். 85 டெசிபெலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாள் முழுக்க நின்றால் காது மெல்ல மெல்லப் போகும். முதலில் உயர்ந்த சுருதிகள்தான் போகும், அதனால் ஆளுக்கே தெரியாது, வீட்டில் ரீவியின் சத்தம் கூடும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். இவை எல்லாம் தடுக்கக்கூடியவை. எங்கள் ஆலோசனை ஒன்றுதான்: சேருவதற்கு முன்பே ஒரு செவிப் பரிசோதனையும் ஒரு சுவாசப் பரிசோதனையும் செய்து அறிக்கையை வீட்டில் வைத்திருங்கள். பிறகு ஏதும் நடந்தால் "இது முன்பே இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது. முகமூடி, காதடைப்பான், கையுறை, சப்பாத்து எல்லாம் நிறுவனம் தர வேண்டியவை. உங்கள் காசில் வாங்கச் சொன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள். இன்னுமொன்று, ஐந்து மணிப் பஸ்ஸுக்காகச் சாப்பிடாமல் ஓடும் பிள்ளைகளில் இரத்தச்சோகை நிறையக் காண்கிறோம். ஒரு பிட்டுப் பார்சலாவது கையில் கொடுத்துவிடுங்கள்.

இரவு வேலையைப் பற்றித்தான் தகப்பன்மார் அதிகம் கேட்கிறீர்கள். சட்டம் இருக்கிறது. பெண்ணை அவளுடைய விருப்பமில்லாமல் இரவு வேலைக்கு வற்புறுத்த முடியாது. தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். மாதத்தில் 10 இரவுக்கு மேல் கூடாது. சம்பளம் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. பெண் மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் முதல் வருடத்தில் பகல் பயிற்சி இடங்களை மட்டுமே கேட்கிறோம்.

அடுத்தது, "பக்டரிக்குப் போனவளை யார் கட்டுவான்?" இந்தக் கேள்வியைப் போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டபோது நாங்கள் பதில் சொல்ல முந்தியே பின்வரிசையிலிருந்த இன்னோர் அம்மா, "என்ர மருமகள் பக்டரிதான் அக்கா, அவள்தான் வீட்டுக் கடனை அடைச்சவள்" என்றார். அதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை.

வெளிநாட்டிலிருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சுவிற்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்குத்தான் போகிறார்கள். "லேர" என்பார்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்தில், மற்ற நாள் பள்ளியில். சம்பளமும் உண்டு. சூரிச்சிலிருக்கும் எங்கள் வகுப்புத் தோழி மகளை அதற்கு விடமாட்டேன் என்று ஒரு வருடம் சண்டை பிடித்தவள். ஊரில் என்ன சொல்வார்கள் என்ற கவலை. அந்த "ஊர்" நாங்கள்தான்! மகள் நான்கு வருடம் இயந்திரப் பாகங்கள் வெட்டும் தொழிலைப் பழகி, அதன் பிறகு உயர் தொழினுட்பக் கல்லூரிக்கும் போய்விட்டாள். அங்கே பெருமையாகச் சொல்கிற ஒன்றை இங்கே மட்டும் குறைவாக நினைப்பது எந்த நியாயம்? ஜேர்மனியின் உதவியோடு கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த பயிற்சி நிலையமும் இதே வகைப் படிப்பைத்தான் தருகிறது. அங்கே தங்கிப் படிக்க விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவோம்.

சங்கம் என்ன செய்யப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பழைய மாணவியர் 11 பேரை இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம். ஆய்வுகூடம், கணக்கு, மனிதவளம், பராமரிப்பு என்று பல பகுதிகளில் இருக்கிறார்கள். இவர்களுடைய பெயர்களும் நூற்றாண்டு மலரில் வைத்தியர், பொறியியலாளர் பட்டியலோடு ஒரே பட்டியலாக, அகர வரிசையில் வரும். இதற்குச் செயற்குழுவில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது, முடிந்தும்விட்டது. இந்த 11 பேரும் ஆளுக்கொரு பயிலுநரைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை தொலைபேசியில் பேசுவார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்ப்பார்கள். முதல் ஆறு மாதத்துக்குப் பஸ் காசும், ரவுணில் தங்க வேண்டியவர்களுக்கு விடுதிக் காசில் பாதியும் நூற்றாண்டு நிதியிலிருந்து போகும். மண்டபத்துக்கு வைத்திருந்த காசில் இது கழிகிறது. மண்டபத்துக்கு இந்த வருடம் நிறப்பூச்சு இல்லை.

இப்போதைக்கு ஆறு இடங்கள் கேட்டோம். நான்கு உறுதியாகிவிட்டன. நான்கும் எழுத்தில், நான்கும் பகல் வேலை. இரண்டு இடங்களுக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆறு இடம் இந்த ஊருக்குப் போதாது என்று எங்களுக்குத் தெரியும். பத்து மாதம் பெட்டி ஒட்டிய பிள்ளையைப் பார்த்த பிறகு, ஒப்பந்தத்தைக் கண்ணால் காணாமல் அறுபது இடம் வாங்கித் தருகிறோம் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அந்தப் பிள்ளையும் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறாள். நான்கு இடங்களில் ஒன்றுக்கு அவளும் விண்ணப்பிக்கிறாள். கை இப்போது சுகம்.

கூட்டம் முடிந்ததும் வேப்பமரத்தின் கீழ் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் பிரதேச செயலகத்தின் திறன் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். மற்றதில் நாங்கள் இருப்போம். அடையாள அட்டையின் பிரதியும் சாதாரண தரப் பெறுபேற்றுப் பிரதியும் கொண்டுவந்தவர்கள் இன்றே பதியலாம். முகாம் மாறி மாறிப் போனதில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் அதற்காகப் பின்னுக்கு நிற்க வேண்டாம், முதல் மேசைக்கு வாருங்கள், அதற்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். தாயோ தகப்பனோ கூட வந்து கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. எங்கள் பஸ் நான்கு மணிக்குத்தான் புறப்படும். அதுவரை இருக்கிறோம்.